நாலு பாட்டில், ஒரே நிறம்: விஸ்கி ரகங்கள் எங்கே பிரிகின்றன?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். மன்னார்குடிப் பக்கம் உங்கள் வீட்டுக்குச் சிங்கப்பூர் மைத்துனர் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒன்றாகக் கொண்டுவந்து, ஸ்காட்ச், ஐரிஷ், அமெரிக்க போர்பன், ஜப்பான் என்று நாலு பாட்டில் சேர்ந்துவிட்டது. பார்க்க நாலும் ஒரே நிறம்; மூடியைத் திறந்தால் நாலும் வேறு வாசம். "எல்லாம் ஒரே ஸ்பிரிட்தான், எசன்ஸும் கலரும்தான் வேறே" என்று ஊரில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? அப்புறம், பார்லியில் எடுப்பதை நம் நெல்லில் எடுக்க முடியாதா? கடைசியாக, மூன்று வருடமாகப் பாதி பாட்டிலாக நிற்கும் ஜப்பான் விஸ்கிக்கு அலமாரியிலேயே வயது கூடிக்கொண்டிருக்கிறதா? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் முதல் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு விஸ்கியின் குணம் எங்கே உண்டாகிறது? தானியத்திலா, வடிக்கும் கலத்திலா, பீப்பாயிலா, இல்லை பாட்டில் நிரப்பும் கூடத்திலா?

நான் டெல்டாவில் ஒரு சர்க்கரை ஆலையை ஒட்டிய வடிசாலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கைப்பழக்கம் எல்லாம் மொலாசஸ், அதாவது ஆலைக் கழிவுப்பாகு. உயரமான கோபுரங்களில் இடைவிடாமல் வடிக்கும் முறை. செப்புக் கலயத்தில் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, விஸ்கி வடித்தவன் அல்ல. ஆகவே நொதிப்பும் வடிப்பும் பற்றி நான் சொல்வது கைப்பட்ட விஷயம். ஸ்காட்லாந்து, போர்பனின் ஊரான அமெரிக்கக் கென்டக்கி பற்றிச் சொல்வது அந்தந்த நாட்டுச் சட்டங்களையும் தொழில்நூல்களையும் படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் கலந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த முனையிலிருந்தே தொடங்குகிறேன். மொலாசஸைத் தண்ணீர் விட்டு இளக்கி ஈஸ்ட் சேர்த்தால் ஒன்றரை நாளுக்குள் 7, 8 சதவீத ஆல்கஹால் உள்ள ஊறல் கிடைக்கும். அந்தத் தொட்டி அருகே நின்றால் வெல்லவாடை, பழவாடை, கந்தகவாடை எல்லாம் ஒன்றாக அடிக்கும். அதையே கோபுரத்தில் ஏற்றி, மேல் தட்டில் லேசான அழுக்கையும் நடுத்தட்டில் ஃப்யூசல் எண்ணெய் எனும் கனமான ஆல்கஹால்களையும் பிரித்துத் தள்ளி, 96 சதவீதத்துக்குக் கொண்டுபோய்விட்டால் வாசம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதுதான் எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால். அந்த நிலையில் ஒரு குப்பியை நீட்டி, இது கரும்பா, குருணை அரிசியா, மக்காச்சோளமா என்று கேட்டால் மூக்கால் யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் கார்பன் ஐசோடோப் பார்த்தால் கரும்பையும் நெல்லையும் பிரித்துவிடலாம். நாக்குக்கு அது எட்டாது.

இதனால்தான் எந்த விஸ்கியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் பார்ப்பது, எத்தனை சதவீதத்தில் வடித்து நிறுத்தினார்கள் என்பதை. செப்புக் கலயத்தில் இரண்டு முறை வடிக்கும் மால்ட் விஸ்கி 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அமெரிக்கச் சட்டம் போர்பனை 80-க்கு மேல் வடிக்க விடுவதில்லை. ஸ்காட்ச்சும் ஐரிஷும் 94.8-க்குக் கீழே இருந்தாக வேண்டும். எண் குறையக் குறையத் தானியத்தின் வாசம் கூடவே ஏறி வருகிறது. எண் கூடக் கூட, தானியம் விட்டுப்போன இடத்தை மரம் பிடித்துக்கொள்கிறது. மரமும் இல்லை என்றால் எசன்ஸ் வருகிறது. உங்கள் ஊர்க்காரர் சொன்னது இந்தக் கடைசி வகைக்குப் பொருந்தும். மைத்துனர் கொண்டுவந்த ஸ்காட்ச்சுக்கும் ஐரிஷுக்கும் போர்பனுக்கும் பொருந்தாது. ஜப்பான் பாட்டிலில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு, வருகிறேன்.

சரி, தானியம். விதைநெல் முளைகட்டுவது உங்களுக்குத் தெரியும். சாக்கில் கட்டி ஒரு நாள் ஊறப்போட்டு, எடுத்து வைக்கோல் போட்டு மூடி வைத்தால் மறுநாள் மூட்டைக்குள் கை வைத்தால் சுடும்; வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். மால்ட் என்பது பார்லிக்கு அதே வேலைதான். உள்ளே இருக்கும் மாவுச்சத்தை ஈஸ்ட்டால் நேரடியாகத் தின்ன முடியாது, சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். உடைக்கும் நொதிகளை விதை தன் முளைக்காகத் தானே தயாரிக்கிறது. பார்லியை இரண்டு நாள் போல ஊறவைத்து, ஈரம் 45 சதவீதம் ஆனதும் பரப்பிக் கிளறிக் கிளறி நாலைந்து நாள் முளைக்க விடுவார்கள். நாம் அந்த நேரத்தில் நாற்றங்காலில் விதைப்போம். அவர்கள் சூளையில் போட்டு உலர்த்தி முளையை நிறுத்திவிடுவார்கள். நொதி தயாராக இருக்க வேண்டும், மாவுச்சத்து செலவாகிவிடக் கூடாது. அந்தச் சமயம் பார்ப்பதுதான் மால்ட் போடுபவரின் திறமை.

உங்கள் ஸ்காட்ச்சில் புகைவாடை இருந்தால் அது இந்தச் சூளையில் ஏறியது. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாதி மக்கிக் கிடக்கும் தாவரக் கட்டியை வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். அதற்குப் பீட் என்று பெயர். மரமும் நிலக்கரியும் எளிதில் கிடைக்காத தீவுகளில் ஒரு காலத்தில் எரிபொருளே அதுதான். அந்தப் புகையில் உள்ள ஃபீனால்கள் என்ற வாசச் சேர்மங்கள் பார்லியின் ஈரமான தோலில் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்காட்லாந்தின் ஐலா தீவின் பேர்பெற்ற புகைவிஸ்கிகளுக்கு மால்ட்டில் 40, 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபீனால் என்று எழுதியிருப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அது மால்ட்டில் அளந்த கணக்கு. அரைத்து, கரைத்து, வடித்து முடிக்கும்போது அதில் பெரும்பங்கு போய்விடும். எல்லா ஸ்காட்ச்சும் புகை நாறும் என்பது தவறான நினைப்பு. பெரும்பாலானவற்றில் பீட் வாசமே கிடையாது, அல்லது மிகக் கொஞ்சம்.

மால்ட்டை உடைத்து 64 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் கலந்தால் நொதிகள் வேலையைத் தொடங்கி, மாவுச்சத்து சர்க்கரையாகி இனிப்புக் கஷாயமாக இறங்கும். பார்லியின் தோலே அடியில் படிந்து வடிகட்டியாகிவிடும். தோல் இல்லாத கோதுமை, அதன் உறவான ரை போன்ற தானியங்களை நிறையப் போட்டால் குழம்பாகி அடைத்துக்கொள்ளும். அதற்கு அங்கே பீர் காய்ச்சுபவர்கள் என்ன சேர்க்கிறார்கள் தெரியுமா? உமி. நம் ரைஸ் மில் வாசலில் குவிந்து கிடக்கிற அதே நெல் உமியைப் பை போட்டுக் காசுக்கு வாங்குகிறார்கள். பீருக்கு அந்தக் கஷாயத்தைக் கொதிக்க வைப்பார்கள்; விஸ்கிக்குப் பெரும்பாலும் கொதிக்க வைப்பதில்லை. அதனால் இரண்டு மூன்று நாளில் ஈஸ்ட் ஓயும்போது லாக்டிக் பாக்டீரியா மேலெழுந்து தன் வேலையைப் பார்க்கும். நொதிப்பை நீட்டினால் பழவாசம் கூடும் என்பது இதனால்தான். எங்கள் மொலாசஸ் தொட்டியில் பாக்டீரியா தலைகாட்டினால் ஆல்கஹால் குறைந்துவிட்டது என்று பதறுவோம். அங்கே வேண்டுமென்றே இடம் கொடுக்கிறார்கள்.

அப்புறம் செப்புக் கலயம். முதல் கலயத்தில் ஊறல் 8 சதவீதத்திலிருந்து 22, 25-க்கு ஏறும். அதை இரண்டாவது கலயத்தில் மறுபடி வடிக்கும்போது வருவதை மூன்றாகப் பிரிப்பார்கள். முதலில் வரும் காரமான பங்கு, கடைசியில் வரும் ஈரச்சாக்கு நாற்றமடிக்கும் பங்கு இரண்டையும் ஒதுக்கி அடுத்த வடிப்பில் சேர்த்துவிட்டு, நடுப்பங்கை மட்டும் பீப்பாய்க்கு எடுப்பார்கள். எந்த நிமிடத்தில் குழாயைத் திருப்புகிறார்கள் என்பதே ஒரு வடிசாலையின் கையெழுத்து. புகை ஃபீனால்கள் கடைசிப் பக்கமாக வருவதால், ஐலாக்காரர்கள் கொஞ்சம் தாமதித்துத் திருப்புவார்கள். செம்பு அழகுக்காக இல்லை. ஆவியில் இருக்கும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் உலோகமே ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து மெலிந்து, ஒரு கட்டத்தில் மாற்ற வேண்டிவரும். கழுத்து உயரமாக இருந்தால் கனமான ஆவி ஏற முடியாமல் திரும்பி விழும், லேசானது மட்டும் தாண்டும். ஸ்காட்லாந்தின் கிளென்மோரஞ்சி வடிசாலையில் கலயக் கழுத்து 5 மீட்டரைத் தாண்டும், மக்கல்லனுடையது குட்டையானது. ஒன்று மென்மை, மற்றது கனம். இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எங்கள் கோபுரத்தில் எல்லாம் மீட்டரும் வால்வும், நாக்குக்கு வேலையே இல்லை.

ஐரிஷ் பாட்டிலுக்கு வருவோம். மூன்று முறை வடிப்பது ஐரிஷ் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரி, ஆனால் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு முறை வடிக்கும் ஐரிஷும் உண்டு. உண்மையான தனித்தன்மை என்று நான் நினைப்பது, பாட் ஸ்டில் விஸ்கி என்று அவர்கள் அழைக்கும் வகை. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்து வடிப்பது; இரண்டும் குறைந்தது 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. நாக்கில் எண்ணெய்ப்பசை போல ஒட்டும் அந்தக் கொழுகொழுப்பு பச்சைப் பார்லியால் வருகிறது. 18-ஆம் நூற்றாண்டில் அரசு மால்ட்டுக்கு வரி போட்டதால், வரியைத் தவிர்க்கப் பச்சைப் பார்லி கலந்தார்கள் என்பது வழக்கமான கதை. வரி இருந்தது உறுதி. காரணம் அது ஒன்றுதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வரி நிலவரம் மாறிய பிறகும் கலப்பு நிற்கவில்லை, ருசி பிடித்துப்போயிருக்க வேண்டும்.

இதே அயர்லாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஈனியஸ் காஃபி என்ற முன்னாள் கலால் அதிகாரி 1830-இல் இடைவிடாமல் வடிக்கும் இரட்டைக் கோபுரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நான் காலமெல்லாம் வேலை பார்த்த கோபுரங்களின் பாட்டன் அதுதான். டப்ளினின் பெரிய விஸ்கிக்காரர்கள் இதில் வருவது விஸ்கியே இல்லை, வெறும் ஸ்பிரிட் என்று ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கோதுமை, மக்காச்சோளம் என்று மலிவான தானியத்தில் லேசான விஸ்கியை ஏராளமாக வடித்து, அதில் கனமான மால்ட்டைக் கலந்து விற்றார்கள். உலகம் பூராவும் ஸ்காட்ச் பரவியது இந்தக் கலவையால்தான். உங்கள் மைத்துனர் வாங்கியதும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இது விஸ்கியா, கலப்படமா என்று லண்டன் இஸ்லிங்டனில் வழக்கே நடந்தது. 1906-இல் கீழ்நீதிமன்றம் கலவைக்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு அரச ஆணையம் அமைத்து விசாரித்து, 1909-இல் இரண்டு வகைக் கலத்தில் வடிப்பதும் விஸ்கிதான் என்று முடித்தார்கள். ஆகவே கலவை என்ற சொல்லைக் கேட்டு மட்டம் என்று நினைக்க வேண்டாம். அங்கே கலவையில் சேரும் ஒவ்வொரு துளியும் தானியத்தில் வடித்து, 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்திருக்க வேண்டும். சேர்க்க அனுமதி உள்ளவை தண்ணீரும் சாதாரண கேரமல் நிறமும் மட்டுமே. நிறம் சேர்ப்பது உண்மைதான், எசன்ஸ் இல்லை. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வடிசாலையில், மால்ட் பார்லி மட்டும் வைத்து, செப்புக் கலயத்தில் வடித்தது என்றுதான் பொருள். உள்ளே நூறு பீப்பாய் கலந்திருக்கலாம்.

போர்பன் எனக்கு ஒரு விதத்தில் நெருக்கம், ஏனென்றால் பெரும்பாலான போர்பனும் கோபுரத்தில்தான் வடிகிறது. ஆனால் எங்களைப் போல 96-க்குத் துரத்துவதில்லை. பாதிக்கு மேல், அதாவது குறைந்தது 51 சதவீதம், மக்காச்சோளம். நடைமுறையில் 70-ஐத் தாண்டும். மிச்சம் காரத்துக்கு ரை அல்லது மென்மைக்குக் கோதுமை, கூடவே நொதிக்காகக் கொஞ்சம் மால்ட் பார்லி. முந்தைய வடிப்பின் புளித்த கழிவுநீரில் ஒரு பங்கைப் புது ஊறலில் சேர்ப்பார்கள். அது அமிலத்தைச் சரிப்படுத்தி வேண்டாத பாக்டீரியாவை அடக்கும். இதற்கு சோர் மேஷ், அதாவது புளித்த ஊறல், என்று பெயர். பெயரில் புளிப்பு இருந்தாலும் விஸ்கி புளிக்காது. எங்களிடம் அந்தக் கழிவுநீர், ஸ்பென்ட் வாஷ், ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் என்று வந்து குவியும். ஆலைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். 80-க்கு மிகாமல் வடித்ததை 62.5 சதவீதத்துக்கு மிகாமல் தண்ணீர் விட்டு இறக்கி, உட்புறம் நெருப்பு வைத்துக் கரியாக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில் நிரப்ப வேண்டும். புதுசு என்பது சட்டம். உங்கள் போர்பனில் வரும் வனிலா வாசமும் தேங்காய் வாசமும் இந்த மரத்தினுடையவை: மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வனிலின் ஆகிறது, ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் மணம் தருகின்றன, கரிப்படலம் கந்தகத்தை உறிஞ்சுகிறது. அதில் எசன்ஸும் கிடையாது, நிறமும் சேர்க்கக் கூடாது. பார்க்கும் சிவப்பு முழுக்கப் பீப்பாயுடையது. அமெரிக்காவிலேயே டென்னசி மாநிலத்துக்காரர்கள் பீப்பாயில் ஊற்றும் முன் மேப்பிள் கரியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டுவார்கள். ஜாக் டேனியல்ஸ் அந்த வகை. ரை விஸ்கி என்றால் மக்காச்சோளத்துக்குப் பதில் ரை 51 சதவீதம். கனடாவில் ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியே வடித்து முதிரவைத்துக் கடைசியில் கலப்பது வழக்கம்; ரை அதிகம் இல்லாவிட்டாலும் அவர்கள் ரை என்றே சொல்வார்கள்.

ஒரு தடவை பயன்படுத்திய போர்பன் பீப்பாயை மறுபடி போர்பனுக்கு வைக்க முடியாதே, அது எங்கே போகிறது? பெரும்பங்கு கப்பலேறி ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும். ஸ்காட்ச்சின் பெரும்பகுதி அந்தப் பழைய பீப்பாயில்தான் கிடக்கிறது. மரத்தின் வேகம் முதல் சுற்றிலேயே தணிந்துவிடுவதால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்தாலும் தானியத்தின் வாசத்தை மூழ்கடிப்பதில்லை. இன்னொரு பங்கு ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய். உலர்திராட்சை வாசம் அதனால் வருவது. ஐரிஷ் சட்டம் ஓக் அல்லாத மரத்துக்கும் கொஞ்சம் இடம் விடுகிறது. ஸ்காட்ச்சுக்கு ஓக்கைத் தவிர வேறில்லை.

குணத்தில் மரத்தின் பங்கு இத்தனை சதவீதம் என்று 60, 70, 80 எல்லாம் சொல்வார்கள். அவை வாய்வழக்கு எண்கள், அளந்து வந்தவை அல்ல. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். ஊற்றுநீர்தான் ரகசியம் என்று எழுதாத விளம்பரம் இல்லை. வடிக்கும்போது உப்பும் தாதுவும் அடியிலேயே தங்கிவிடும், ஆவியில் ஏறாது. நொதிப்புக்கு நீர் ஒத்துழைக்க வேண்டும், இரும்பு இருக்கக் கூடாது, குளிர்விக்கும் நீர் எவ்வளவு குளிர்ச்சி என்பது முக்கியம். இதற்கு மேல் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன்.

தட்பவெப்பம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். 12 ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு போல. பெங்களூரில் அம்ருத் நிறுவனம் சொல்லும் கணக்கு 10 முதல் 12 சதவீதம். அதன்படி 5 ஆண்டிலேயே பீப்பாயில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். சூட்டில் ஸ்பிரிட் மரத்துக்குள் வேகமாகப் போய் வருகிறது, அதனால் சீக்கிரம் முதிர்கிறது. அம்ருத் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டைக் கொண்டுபோய் முதலில் விற்றது கிளாஸ்கோவில், ஸ்காட்ச்சின் சொந்த ஊரிலேயே. அந்தத் துணிச்சலை எங்கள் தொழிலில் இருந்தவர்கள் ரசித்தோம். ஆகவே வயதை வைத்து மட்டும் இரண்டு நாட்டு விஸ்கியை ஒப்பிடுவது அர்த்தமில்லை. நாகப்பட்டினம் மாதிரிப் புழுக்கமான கடற்கரையில் வைத்தால் தண்ணீரைவிட ஆல்கஹால் அதிகம் ஆவியாகும், வீரியம் இறங்கும். வறண்ட இடத்தில் தண்ணீர் அதிகம் போய் வீரியம் ஏறும். இங்கே பீப்பாய் வைத்துத் தொழில் செய்தால் முதலாளிக்கு இரவில் தூக்கம் வராது.

ஜப்பானுக்கு வருகிறேன். சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த மசதாகா தகேத்சுரு 1918-இல் ஸ்காட்லாந்து போய்த் தொழில் கற்றார். அவரை வைத்துத் தோரி ஷின்ஜிரோ 1923-இல் யமசாகியில் வடிசாலை தொடங்கினார். 1934-இல் தகேத்சுரு பிரிந்து வடக்கே யோய்ச்சியில் தனியாக ஒன்று வைத்தார். முறை முழுக்க ஸ்காட்ச் வழி. ஒரு வேறுபாடு உண்டு: ஸ்காட்லாந்தில் ஒரு வடிசாலை மற்றதோடு சரக்கை மாற்றிக்கொண்டு கலவை செய்யும், ஜப்பானில் அந்தப் பழக்கம் இல்லாததால், ஒரே கூரைக்குள் பல வடிவக் கலயங்களை வைத்துப் பல ரகம் வடிக்கிறார்கள். நான் சொன்ன சிக்கல் இதுதான். வெளிநாட்டு விஸ்கியைப் பீப்பாயாக இறக்கி, பாட்டிலில் அடைத்து ஜப்பான் விஸ்கி என்று விற்க அங்கே நெடுங்காலம் தடை இருக்கவில்லை. 2021-இல் தயாரிப்பாளர் சங்கம் தானாகவே விதி வகுத்தது: ஜப்பானிலேயே நொதித்து, வடித்து, 3 ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும். பழைய சரக்குக்கு 2024 மார்ச் வரை அவகாசம் இருந்தது. உங்கள் பாட்டில் அதற்கு முந்தியது என்பதால், வடிசாலையின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓரளவு நம்பலாம்.

இப்போது உங்கள் ஊர்க்காரருக்கு நியாயம் செய்ய வேண்டும். நம் ஊர் மலிவு ரகங்களைப் பற்றி அவர் சொன்னது பெரிய தவறில்லை. இந்தியாவில் மொலாசஸ் ஸ்பிரிட்டை அடியாக வைத்துச் செய்ததையும் விஸ்கி என்று விற்கலாம். நியூட்ரல் ஸ்பிரிட், நிறத்துக்குக் கேரமல், மணத்துக்குக் கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட்டோ வாசனைச் சேர்மானமோ, அவ்வளவுதான். பீப்பாயைக் கண்ணால் பார்க்காதது நிறைய உண்டு. ஐரோப்பாவில் தானியமும் 3 ஆண்டு மரமும் இல்லாமல் அந்தப் பெயர் வைக்க முடியாது. டாஸ்மாக் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று ஒரு விசித்திர எண் இருக்குமே, அது ப்ரூஃப் என்ற பழைய பிரிட்டிஷ் வீரியக் கணக்கின் மிச்சம்: 57.1-ஐ நூறாக வைத்து அதில் 75. ஆனால் இந்திய விஸ்கி எல்லாமே அப்படி என்று சொல்லிவிடாதீர்கள். ராஜஸ்தான், ஹரியானா பக்கத்துப் பார்லியில், செப்புக் கலயத்தில், முறையாகப் பீப்பாயில் முதிர்ந்த சிங்கிள் மால்ட்டுகளும் இங்கேயே வருகின்றன.

நெல்லில் முடியுமா? முடியும், ஆனால் பார்லி போல எளிதாக இல்லை. பார்லி மாவு 60, 65 டிகிரியில் இளகிவிடும். அதன் நொதிகளும் அதே சூட்டில் நன்றாக வேலை செய்யும். ஒரே பாத்திரத்தில் காரியம் முடிந்தது. அரிசி பெரும்பாலும் 70-ஐத் தாண்டினால்தான் இளகும், அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். ஆகவே அரிசியை முதலில் வேகவைத்து, ஆறவிட்டு, பிறகு நொதி சேர்க்க வேண்டும். முளைகட்டிய நெல்லில் நொதி இருந்தாலும் பார்லி அளவுக்கு வலுவில்லை. கிழக்காசியாவில் இதனால்தான் முளையை நம்பாமல் கோஜி என்ற பூஞ்சையை வெந்த சோற்றில் வளர்த்து அதன் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி வடித்துப் பீப்பாயில் முதிரவைத்ததை அமெரிக்காவில் அரிசி விஸ்கி என்று விற்கிறார்கள். ஜப்பானிலேயே அந்தப் பெயர் கிடையாது. அங்கே விஸ்கிக்கு முளைகட்டிய தானியம் இருந்தாக வேண்டும்.

டெல்டா நெல் ஏற்கெனவே பாட்டிலுக்குள் போய்க்கொண்டிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நாடு முழுக்கக் குருணை அரிசியிலிருந்து நியூட்ரல் ஸ்பிரிட் எடுக்கிறார்கள். டன்னுக்கு 400 லிட்டருக்கு மேல் கிடைக்கும், மொலாசஸில் அதில் பாதிதான். ஆனால் 96-இல் வடித்த பிறகு அது எந்த ஊர் அரிசி என்பதற்கு அடையாளமே இல்லை. பொன்மணி நெல்லின் வாசம் நாக்கில் தெரிய வேண்டுமென்றால் 70-ஐ ஒட்டிய வடிப்பு, பழைய பீப்பாய், கொஞ்சம் பார்லி மால்ட் துணை என்றுதான் போக வேண்டும். என் ஊகம், அது இனிப்பாக, லேசாக, கொஞ்சம் மெலிந்ததாக வரும். பார்லியின் கொழுமை இருக்காது. அந்தச் செலவுக்கு யார் வாங்குவார்கள் என்பது வேறு கேள்வி.

வீட்டில் ஒரு குக்கரை வைத்துப் பார்க்கலாமா என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் போய்விடும் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். அது வடிப்பு முழுக்கப் பரவி வரும். தானியத்தை நொதித்தால் மெத்தனால் மிகக் குறைவாகத்தான் உண்டாகும் என்பது உண்மை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது வெளியிலிருந்து வந்த மெத்தனாலால். எது எதில் கலந்தது என்று குடிப்பவனுக்குத் தெரிய வழியில்லை.

மிச்சம் அந்தப் பாதி பாட்டில். வயது கூடவில்லை, மரத்தை விட்டு வந்த அன்றே முதிர்ச்சி நின்றுவிட்டது. லேபிளில் 12 என்றிருந்தால் உள்ளே கலந்ததில் மிக இளையது 12 என்று பொருள், அது என்றைக்கும் 12தான். பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம், மூன்று வருடத்தில் மணம் கொஞ்சம் மங்கியிருக்கும். கெட்டுப்போகாது. சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வெயில் படாத இடத்தில் நிற்கவைத்தே வையுங்கள். ஒயின் போலப் படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.